'முன்னோக்கிய உதவி' அல்ல, தாழ்தள்ளி

ரைஃபிள்களைப் பற்றிய ஒரு கட்டுரையின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். "இந்த ரைஃபிளுக்கு முன்னோக்கிய உதவி அவசியமா?" என்று அதில் ஒரு வரி. அருகில் இருந்த நண்பர் படித்துவிட்டு, முன்னால் போன படைக்கு அனுப்பும் உதவியா என்று கேட்டார். அவர் மேல் தவறே இல்லை. தமிழில் அந்தச் சொற்களுக்கு அதுதான் பொருள். இதே பிழையை வேறு இடங்களிலும் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

மூலச்சொல் 'ஃபார்வர்ட் அசிஸ்ட்'. முன்னது 'முன்பக்கமாக'. பின்னது 'அருகே நில்' என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, 'துணைசெய்' என்று பொருள்பட்டது. வேர் இவ்வளவுதான். மிச்சத்தைத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டாவைக் குழலின் பின்முனை அறைக்குள் தள்ளி, அறையை அடைத்துப் பூட்டும் பாகத்துக்கு ஆங்கிலத்தில் போல்ட் என்று பெயர். எம்14, ஏகே போன்ற ரைஃபிள்களில், தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் இழுபிடி அதோடு சேர்ந்தே ஓடும். அறை சரியாக மூடாவிட்டால் பிடியையே உள்ளங்கையால் முன்னே தள்ளிவிடலாம். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 ரைஃபிளில் பிடி பின்னால் இழுக்க மட்டுமே உதவும். அதனால் அமெரிக்கத் தரைப்படை, தள்ளுவதற்கென்று தனியாக ஒரு பொத்தான் கேட்டது. விமானப்படை தேவையில்லை என்றது. பொத்தான் இல்லாத எம்16, பொத்தானுள்ள எக்ஸ்எம்16இ1 என்று ஒரே துப்பாக்கி இரண்டாயிற்று. பின்னதே 1967இல் எம்16ஏ1 ஆனது.

இனி 'உதவி'க்கு வருவோம். ஆங்கிலத்தில் அசிஸ்ட் என்பது ஒரு கருவிக்கும் பெயராக நிற்கும். தமிழில் உதவி ஒரு செயல், அல்லது உதவுகிற ஆள். அதைப் பொத்தானாக யாரும் நினைக்க மாட்டார்கள். இன்னொரு கோளாறும் உண்டு. பொத்தான் வேண்டுமா வேண்டாமா என்பதே வழக்கு. அதற்கு 'உதவி' என்று பெயர் வைத்தால் தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவிட்டோம்.

சிலர் 'முன்தள்ளி' என்கிறார்கள். முன்னதைவிடத் தேவலை, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. முன்பல், முன்கை, முன்வாசல் என்றால் முன்னால் இருப்பவை. முன்தள்ளி என்றாலும் வாசகர் குழல்முனைப் பக்கம்தான் தேடுவார். பொத்தானோ வலப்புறம், தோளில் ஊன்றும் கட்டையை ஒட்டி, துப்பாக்கியின் பின்பாதியில் இருக்கிறது. எதைத் தள்ளுகிறது என்பதையும் அந்தச் சொல் சொல்லவில்லை. 'போல்ட் தள்ளி' என்றால், தமிழில் போல்ட் என்றதும் நட்டு மாட்டும் ஆணிதான் கண்முன் வரும்.

அறையை அடைத்துப் பூட்டுவதற்கு நம்மிடம் தாழ் இருக்கிறது. குறளில் 'அடைக்குந்தாழ்' என்றே வருகிறது. கதவுத் தாழ்ப்பாள் செய்யும் வேலைதான் இதுவும். ஆகவே தாழ்தள்ளி. பொத்தானை அழுத்தினால் அதன் நுனி, தாழைச் சுமக்கும் பாகத்தின் பக்கவாட்டுப் பற்களில் மாட்டி அதை முன்னே நகர்த்துகிறது. பெயரும் வேலையும் ஒன்றாகிவிட்டன.

தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே என் எண்ணம். தாழ் பாதியில் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: அழுக்கு, நசுங்கிய தோட்டா. அடித்துத் திணித்தால் சிக்கல் இறுகும். அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றுவதே நல்லது. சத்தமில்லாமல் தாழை மெதுவாக விட்டு மூட நினைப்பவருக்கு மட்டும் அந்தக் கடைசி அழுத்தம் பயன்படும்.

மொழிபெயர்க்கிறவர்கள் பொருளின் படத்தையாவது ஒருமுறை பார்க்கக் கூடாதா? அதே கட்டுரையில் 'சார்ஜிங் ஹேண்டில்' என்பது 'மின்னேற்றக் கைப்பிடி' ஆகியிருந்தது. அந்தத் துப்பாக்கியில் மின்சாரமே கிடையாது. சார்ஜ் என்பதற்குச் சுமையேற்றுதல் என்பதே பழைய பொருள், இங்கே ஏறுவது தோட்டா. 'இழுபிடி' என்று திருத்தினேன்.

"இந்த ரைஃபிளுக்குத் தாழ்தள்ளி அவசியமா?" என்று முதல் வரியையும் மாற்றி நண்பரிடம் காட்டினேன். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "தாழ் ஏன் தானாக மூடவில்லை?" என்று கேட்டார்.