மாஸ்டர் பிளான் மாறப் போகிறது, உங்கள் சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். தாம்பரம் தாண்டி அரை கிரவுண்டு மனை, அதில் வீடு கட்ட பிளான் போட வேண்டும். சர்வே எண்ணை வாங்கி, சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில் தேடினேன். விவசாய உபயோகப் பகுதி என்று வந்தது.

"வக்கீல் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாரே சார்" என்றார் கணவர். வக்கீல் சொன்னதில் தப்பில்லை. நிலம் யாருடையது என்பதை அவர் பார்த்தார். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது மாஸ்டர் பிளான். இனி அவர்கள் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அந்த அம்மா ஃபைலை மூடாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1970களில் வந்தது. இரண்டாவது திட்டத்துக்கு 2008 செப்டம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த இரண்டாவது திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தயாரித்து வருகிறது. மற்ற ஊர்களின் நிலைமையும் இதேதான். கோயம்புத்தூர் 1994ஆம் ஆண்டுத் திட்டத்தை வைத்துக்கொண்டே பல வருடம் வளர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுஆய்வு செய்ய 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது ஒழுங்காக நடந்திருந்தால் என்னிடம் வரும் பாதிப் பேர் வந்தே இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திட்டத்தைப் புதுப்பிப்பது என்றாலே மெட்ரோ, வெளிவட்டச் சாலை, தொழிற்பேட்டை என்றுதான் பேச்சு போகிறது. அவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் போகும் வழியை.

சில வருடங்களுக்கு முன் தென்புறநகரில் ஒரு மனைப்பிரிவுக்காக நிலம் பார்க்கப் போயிருந்தேன். புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடத்தில், ஒரு வாய்க்கால் மெல்லிய இரட்டைக் கோடாக ஓடுகிறது. தரையில் பார்த்தால் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும்தான். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "நீங்க நிக்கிறதே வாய்க்கா மேலதான் தம்பி" என்றார். கையில் இருந்த குச்சியால் மண்ணில் கோடு போட்டார். மேலே பெரிய ஏரி. அதன் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் கீழே தாங்கல் என்கிற சின்ன ஏரி. தாங்கல் நிறைந்தால் இந்த வாய்க்கால் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு. எந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை ஒரு பனைமரத்தின் அடியில் படிந்திருந்த கறையைக் காட்டிச் சொன்னார்.

திரும்பி வந்து நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்தேன். அந்த இடம் முழுக்கக் குடியிருப்புப் பகுதி. இதில் யாரும் வேண்டுமென்று தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை. 1,189 சதுர கிலோமீட்டரை, அதில் 214 கிராமங்களை, சர்வே எண் சர்வே எண்ணாகப் பிரித்து நிறம் தீட்டும்போது ஏரி தப்பிவிடும். அது பெரியது, பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் ஒல்லியான வாய்க்கால் அந்த அளவு வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. பட்டா நிலத்தில் வெள்ளம் பரவி நிற்கும் பள்ளம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2022இல் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை வந்தது. அப்படியானால் இந்த மாதிரி எத்தனை வாய்க்கால்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அங்கே வந்துதான் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம் சில நூறு ஹெக்டேராகச் சுருங்கிய பிறகு, 2022இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் தண்ணீருக்குள் நின்ற வீடுகளில் வங்கிக் கடன் வாங்கி முறையாகக் கட்டியவர்களின் வீடுகளும் இருந்தன.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) 2019 விதிகளில் 2 ஆனது. அதே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம் என்று அர்த்தம். அந்தத் தெருவின் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் அதற்கேற்பப் பெரிதாயிற்றா? புதிய திட்டம் இதற்குத் தெருவாரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

சரி, நாம் என்ன செய்யலாம்? வரைவுத் திட்டம் வெளியானால் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதம்தான் நம் கையில் இருப்பது. உங்கள் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் வைத்து வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் மனையோடு நிறுத்திவிடாமல் பக்கத்துச் சர்வே எண்களையும் பாருங்கள். உங்கள் நிலத்தில் சாலை விரிவாக்கமோ பூங்காவோ குறித்திருந்தால் பதறி விற்றுவிடாதீர்கள். பொதுப் பயனுக்கு ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீடு விலகிவிடும் என்று அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது.

மனுவில் "எங்கள் பகுதியில் வெள்ளம் வருகிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்ன கிராமம், இன்ன சர்வே எண் வழியாக இன்ன ஏரியின் உபரிநீர் போகிறது, இது வரைவில் குடியிருப்பாகக் காட்டப்பட்டுள்ளது, வாய்க்காலாகக் குறிக்க வேண்டும் என்று எழுதுங்கள். புலப்படத்தின் நகலையும், தண்ணீர் நின்ற நாளின் தேதியோடு போட்டோவையும் இணையுங்கள். ஊரில் அந்தப் பெரியவரைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை உட்கார வைத்துக் கேட்டு, அவர் சொல்வதை எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்குங்கள். அப்புறம் மனுவை நேரில் கொடுக்கும்போது கையில் இன்னொரு நகல் இருக்கட்டும். அதில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.