தோடர் மொழியின் மூன்று ரகரங்கள்

“தோடர்கள் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்குதானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நீலகிரியின் மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) வாழும் ஏறத்தாழ 2,000 பேரின் அந்த மொழி, திராவிடக் குடும்பத்தில் தனி மொழி. நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தரின் மொழிக்கு நெருங்கிய உறவு. நம் காசு அங்கே ‘கோஸ்’, பால் ‘போஸ்’. அந்த இரண்டு ‘ஸ்’ஸும்கூட ஒன்றல்ல, நாக்கு தொடும் இடம் வேறு.

என்னைச் சொக்க வைப்பது அதன் ரகரங்கள்தான். ரகரத்தை அழுத்தி உருட்டும்போது நாக்கு நுனியைத் தசை ஆட்டுவதில்லை. அத்தனை வேகம் தசைக்கு வராது. நுனியைத் தளர்வாக மேலண்ணத்தருகே நிறுத்தினால் போதும். பின்னால் தேங்கும் காற்று அதைத் தள்ளித் திறக்கும்; இடுக்கில் காற்று விரைந்து பாய அழுத்தம் குறையும்; நாக்கு மீண்டும் மூடிக்கொள்ளும். நொடிக்கு 25 முதல் 30 தடவை, காற்றில் படபடக்கும் துணிபோல.

இதைத் தோடர்கள் மூன்று விதமாகச் செய்கிறார்கள். ‘க’வுக்குப் பின் வரும் ரகரத்தைப் பல்லுக்கு அருகே உருட்டினால் அந்தச் சொல்லுக்குத் துணியின் கரை என்று பொருள். சற்றுப் பின்னே உருட்டினால் சாறு. நாக்கை டகரத்துக்கு மடிப்பதுபோல் மடித்துத் தொடங்கினால் கன்றுகளை அடைக்கும் பட்டி. மூன்று சொற்களிலும் ‘க’ ஒன்றே, வேறுபடுவது ரகரம் மட்டுமே. பழைய திராவிட மொழியில் தனித்தனியாக இருந்த ர, ற, ட மூன்றும் இங்கே இப்படி நாக்கு படபடக்கும் ‘ஆடொலி’களாகியும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. நம் பேச்சில் ர, ற இரண்டே பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன!

மூன்றாவதுதான் வியப்பு. மடிந்த நிலையில் நாக்கு அதிர்வதில்லை. மடிப்பிலிருந்து முன்னோக்கி விரியும் வழியில், அண்ணத்தின் முன்பகுதியைக் கடக்கும்போதுதான் ஆடத் தொடங்குகிறது. மடிப்பின் சாயல் முந்தைய உயிரொலியில் ஏறிவிடுவதால் கேட்பவருக்குக் குழப்பமில்லை. ஒலியியலாளர்களான பீட்டர் லடஃபோகட், பெரி பாஸ்கரராவ் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆடொலிகளைப் பற்றியதுதான். இத்தகைய களஆய்வுகளில் நாக்கில் கரிப்பொடியும் எண்ணெயும் பூசி ஒரு சொல்லைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு வாய்க்குள் கண்ணாடி வைத்து, அண்ணத்தில் கரி ஒட்டிய இடத்தைப் படமெடுப்பார்கள்.

செலவு குறைந்த வேலை இது. ஆனாலும் தோடர்கள் ரோமானியர் வழிவந்தவர்கள், இஸ்ரேலின் தொலைந்த குலம் என்ற பழைய கற்பனைகள் சுற்றிவரும் அளவுக்கு இந்த ஆய்வுகள் பரவவில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு. இந்த மொழிக்கெனப் பழைய எழுத்து மரபு கிடையாது. எருமைகளையும் மந்துகளையும் பாடும் முதியவர்களின் குரலைத் தரமாகப் பதிவுசெய்ய அரசு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும். மூன்று ரகரங்களுக்கும் யகரச் சாயல் ஏறிய இணைகளும் உண்டு, ஆக மொத்தம் ஆறு. அவற்றை எழுத்தில் மட்டும் பிடித்துவைக்க முடியாது.