கூட்டத்தைக் கலைக்கும் காத்திருப்பு

"அறுந்துபோன வெப்சாக்கெட் இணைப்பை நிரல் உடனே புதுப்பிக்காமல் ஏன் சில நொடிகள் சும்மா இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சில நொடிகளில்தான் விஷயமே இருக்கிறது.

உலாவியும் சர்வரும் இடைவிடாமல் பேசிக்கொள்ள வழிசெய்யும் வெப்சாக்கெட் 2011இல் தரப்படுத்தப்பட்டது. இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் வழக்கமான எச்டிடிபி கோரிக்கையாகத் தொடங்கும். சர்வர் 101 (நெறிமுறையை மாற்றச் சம்மதம்) என்று பதில் தந்ததும் அதே இணைப்பு இருவழிப் பாதையாகத் திறந்தே இருக்கும். அறுந்துபோனால் உலாவி நமக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான். புதிய இணைப்பைத் தொடங்குவது நம் நிரலின் பொறுப்பு.

10,000 பேர் இணைந்திருக்கும் சர்வர் ஒன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருடைய நிரலும் உடனே முட்டிமோதினால், எழப் பார்க்கும் சர்வர் அந்த நெரிசலிலேயே மறுபடி விழும். ஆகவே ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறோம்: 1 நொடி, 2, 4, 8 என்று, 30ஐத் தாண்டாமல். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதவே போதாது. இணைப்பு எல்லோருக்கும் ஒரே கணத்தில் அறுந்தது; எல்லா நிரல்களும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. 1ஆம் நொடியில் 10,000 பேர், 3ஆம் நொடியில் அதே 10,000 பேர், 7ஆம் நொடியிலும் அவர்களேதான். இடைவெளி நீள்கிறது, கூட்டம் கலையவில்லை.

அதைக் கலைப்பது, தாயக்கட்டையை உருட்டுவதுபோல் கணினி தேர்ந்தெடுக்கும் சமவாய்ப்பு எண் (random number). 8 நொடி காத்திரு என்று சொல்லாமல், 0 முதல் 8 வரை ஏதோவொரு நேரத்தை நீயே தேர்ந்துகொள் என்கிறோம். அந்த 10,000 பேரும் நொடிக்கு ஏறக்குறைய 1,250 பேராகப் பரவிவிடுகிறார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த ஆளில்லை. ஒரு நிரலுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. உச்ச நேரத்தை ஒரு சமவாய்ப்பு எண்ணால் பெருக்கும் ஒற்றை வரியில் ஒழுங்கு பிறக்கிறது! கணினியியலில் இதைவிட அழகான வரி எனக்குத் தெரியாது.

இந்த உத்தி பழையது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு இயக்கத் தொடங்கிய அலோஹாநெட் வானொலி வலையமைப்பில், செய்திகள் மோதிக்கொண்டால் நிலையங்கள் சமவாய்ப்பாகக் காத்திருந்து மீண்டும் அனுப்பின. பிறகு வந்த ஈதர்நெட் என்ற கம்பிவழி வலையமைப்பு, மோதலுக்கு மோதல் அந்தக் காத்திருப்பின் எல்லையை இரட்டிப்பாக்கியது. அலோஹாநெட்டுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி. உடனடிப் பயனை மட்டுமே கேட்டு ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவது எவ்வளவு குறுகிய பார்வை!

எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். காத்திருப்பை முடிவுசெய்யும் தோல்வி எண்ணிக்கையை, இணைப்பு திறந்த கணத்திலேயே பூஜ்ஜியமாக்காதீர்கள். ஏற்றுக்கொண்டவுடன் துண்டிக்கும் சர்வரிடம் நிரல் விடாமல் முட்டிக்கொண்டிருக்கும். இணைப்பு சிறிது நேரம் நிலைத்த பிறகே எண்ணிக்கையை அழியுங்கள்.