64 வீதத்தில் நின்ற லெப்டொப்

மஸ்கெலியாவில் ஆடி மழை. தங்கச்சி உயர்தரம் படிக்க வாங்கிய பழைய லெப்டொப்பில் விண்டோஸ் தன்னைத்தானே புதிதாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று ரீசெட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் 64 வீதம். ஒரு மணித்தியாலம் கழித்தும் அதே 64.

"அண்ணே, செத்துப்போச்சா?"

ஓரத்திலிருந்த சின்ன விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. காதை வைத்தால் உள்ளே எலி சுரண்டுவதுபோல் கடகட. "சாகல்ல, வேலை செய்யுது" என்றேன்.

அந்த வீதம் நேரக் கணக்கு இல்லை. வேலையில் எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்பதற்கு ஒரு குத்துமதிப்பு. ஒரு கட்டத்தில் நாலைந்து பெரிய கோப்பு இருக்கும், அடுத்ததில் பல்லாயிரம் குட்டிக் கோப்பு. தட்டு சுழலும் ஹாட் டிஸ்க்குக்கு இந்தக் குட்டிகள்தான் எமன். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். வாசிப்பு முனை நகர்வதையும் சேர்த்தால், செக்கனுக்கு அறுபது இடத்தை எட்டினாலே பெரிது. ஒரு இலட்சம் கோப்பு என்று வைத்துக்கொண்டால், தேடி அலையவே கிட்டத்தட்ட அரை மணித்தியாலம். டிஸ்க்கை முழுதாகத் துடைக்கச் சொல்லியிருந்தால் இன்னும் மணிக்கணக்கு.

விண்டோஸ் 10 புதுப் பிரதியை எங்கிருந்து எடுக்கிறது? பெரும்பாலும் அதே டிஸ்க்கில் கிடக்கும் தன் பழைய கோப்புகளிலிருந்துதான். தேயிலைத் தாய்ச்செடியில் ஒற்றை இலைக் குச்சி வெட்டி நாற்றுமேடையில் வைப்பதுபோல. தாய்ச்செடியில் நோய் என்றால் நாற்றும் உருப்படாது. அதனால்தான் 2020இல் இணையத்திலிருந்து இறக்கிப் போடும் வழியையும் சேர்த்தார்கள். அதற்கு 4 ஜிபிக்கு மேல் போகலாம். எங்கள் பக்கம் இரவு டேட்டாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்குச் சத்தம் மாறியது. விளக்கு அணையாமல் எரிந்தது. டிக், இடைவெளி, மறுபடி அதே டிக். வாசிக்க முடியாத ஒரே இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தது. இதற்குப் பொறுமை மருந்தில்லை. விடியும்வரை பார்த்துவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அமுக்கி நிறுத்தினேன். இரண்டு மூன்று முறை தொடக்கம் தோற்றால், விண்டோஸ் தானாகவே நீலநிறப் பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும், ரீசெட்டுக்கு முன்பே எழுதி வையுங்கள். அந்தத் திரையிலிருந்து, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டினேன். பழுதான இடங்கள் வரிசையாக வந்தன.

ஹட்டனில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டினோம். கூட்டாளி வீட்டுக் கம்பியூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் ஏற்றிக்கொண்டு வந்து போட்டேன். வீதம் ஓடத் தொடங்கியதும் தங்கச்சி குனிந்து காதை வைத்தாள். சுழலும் தட்டே இல்லாத டிஸ்க், சத்தம் எங்கிருந்து வரும்?

"அண்ணே, இது உண்மையா செத்துப்போச்சு."