சிவப்புப் பக்கம் உயர்ந்த கொம்பு: என்ஜிசி 1097-இன் விசித்திரக் கோடு

சூடான ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிரும். ஆய்வகத்தில் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் அது ஊசி மாதிரி ஒல்லியான ஒற்றைக் கோடு. 1991-இல் பிரேசில் வானியலாளர் தையிசா ஸ்டோர்கி-பெர்க்மன் சிலி நாட்டுத் தொலைநோக்கி வழியே என்ஜிசி 1097 என்ற கேலக்ஸியின் நடுப்பகுதியைப் படித்தபோது, அந்த ஊசியின் அடியில் அகலமாக, இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு ஒரு மேடு தெரிந்தது. அதுவரை சாதுவான மையம் என்று கருதப்பட்ட இடம் அது.

கொம்பு எப்படி முளைக்கிறது? திருவிழாவில் சுற்றும் குடை ராட்டினத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரு ஓரத்துக் குதிரை நம்மை நோக்கி வரும், எதிர் ஓரத்துக் குதிரை விலகிப் போகும். கேலக்ஸியின் மையத்தில் உள்ள கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டும் அப்படித்தான். நொடிக்கு 5,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கமாக நகர்ந்து 645 நானோமீட்டர் அருகே விழும், அதே வேகத்தில் விலகுவது 667 அருகே. தட்டை நேர் மேலிருந்து பார்த்தால் கொம்பே இருக்காது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் வருகிறது. இவ்வளவு வேகத்தில் நம்மை நோக்கி வரும் பொருள் கொஞ்சம் கூடுதல் பிரகாசமாகத் தெரியும் என்பது சார்பியல் விதி, அதனால் வட்டமான தட்டு என்றால் நீலக் கொம்புதான் உயரமாக இருக்க வேண்டும். ஆனால் 1991-இல் சிவப்புக் கொம்பு உயர்ந்திருந்தது! சில ஆண்டுகளில் இரண்டும் சமமாகி, அப்புறம் நீலம் மேலே வந்தது. சரி, அப்படியென்றால் தட்டு சீரான வட்டமாக இருக்க முடியாது. நீள்வட்டமாகவோ, பிரகாசமான ஒரு சுருள் கை அதில் சுற்றி வருவதாகவோ வைத்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துப்போகிறது.

எந்தக் கண்ணாடித் தொலைநோக்கியாலும் பிரித்துப் படம் பிடிக்க முடியாத அளவு சின்னத் தட்டு இது. அதன் கோணல் ஒரு கோட்டின் வடிவத்திலிருந்து தெரிகிறது, யோசித்துப் பாருங்கள்.

தொடர்ந்து கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது: கோடு மங்கும்போது கொம்புகள் விலகின, பிரகாசமாகும்போது நெருங்கின. மையத்தின் ஒளி குறைந்தால் உள்பக்க வாயுவே அதிகம் ஒளிரும், அங்கே சுற்றும் வேகமும் அதிகம்.