‘ஆர்ட்ஸ் ஒன்’: சேருமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பும் பெற்றோர் தரவரிசையைக் கேட்கிறார்கள், கட்டணத்தைக் கேட்கிறார்கள். முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு உளவியல், பொருளாதார வகுப்புகளில் இருநூறு முந்நூறு பேர் இருப்பது சாதாரணம். விடைத்தாளைத் திருத்துவது பெரும்பாலும் முதுகலை மாணவர்கள்.

வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு மாற்று வழி 1967 முதல் இருக்கிறது: ‘ஆர்ட்ஸ் ஒன்’. ஒரு பொதுத் தலைப்பை ஒட்டி இலக்கியம், வரலாறு, தத்துவம் மூன்றையும் ஒரே பாடமாக ஆண்டு முழுவதும் படிப்பது. சுமார் நூறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஐந்து பேராசிரியர்கள். வாரம் ஒரு விரிவுரையில் நூறு பேரும் கூடுவார்கள். பிறகு இருபது பேராகப் பிரிந்து செமினார், அதாவது கலந்துரையாடல் வகுப்பு. கடைசியாக, நான்கே மாணவர்களும் பேராசிரியரும் உட்காரும் டியூட்டோரியல்.

இந்த ஏற்பாட்டின் உயிர் டியூட்டோரியல்தான். ஒவ்வொருவரும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கட்டுரை எழுத வேண்டும். ஆக, ஒரு சந்திப்பில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அரைமணி நேரம். மற்ற மூவரும் முன்கூட்டியே படித்துக் குறிப்போடு வர வேண்டும். “இந்தப் பத்தி எதற்கு?” என்று சக மாணவி கேட்கும்போது மழுப்ப முடியாது. மதிப்பெண்ணோடு திரும்பிவரும் தாளைவிட இந்தக் கேள்வி அதிகம் கற்றுக்கொடுக்கும். பிறர் கட்டுரையில் ஓட்டை கண்டுபிடித்துப் பழகியவர், தன் வரைவிலும் அதைத் தானே பார்க்கத் தொடங்குகிறார்.

முதல் இரண்டு மூன்று கட்டுரைகள் சறுக்குவது வழக்கம். நம் பள்ளிகளிலிருந்து போகிறவர்களிடம் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நூலின் கதையைச் சுருக்கி எழுதிவிட்டு, அதையே கட்டுரை என்று நினைப்பது. அங்கே கேட்பது வாதம். நூலைப் படித்த ஒருவர் மறுக்கக்கூடிய ஒரு கூற்றை முதல் பத்தியிலேயே வைக்க வேண்டும். யாரும் மறுக்க முடியாத கூற்றென்றால் அது வாதமே அல்ல. மேற்கோளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது அடுத்த தவறு. மேற்கோளில் எந்தச் சொல் உங்கள் பக்கம் பேசுகிறது என்று காட்டியாக வேண்டும். நூலை விரிவுரைக்கு முன்பே படித்து முடிப்பதும் அவசியம். ஒரு வாரம் பிந்தினால் அடுத்த நூல் மேலே வந்து விழும். இணையத்துச் சுருக்கத்தை நம்பி நான்கு பேர் நடுவே உட்காருவது பரிதாபம்.

இனி கிரெடிட் கணக்கு; கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு. ஆர்ட்ஸ் ஒன் 18 கிரெடிட். ஆண்டின் முழுப் பாடச்சுமை 30. மிச்சம் 12, அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் நான்கு. பொருளாதாரத்தை மேஜராக, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடமாக, எடுக்க நினைப்பவருக்கு முதலாண்டுப் பொருளாதாரமும் கால்குலஸும் இந்த நான்குக்குள்ளேயே அடங்க வேண்டும்; புதுமொழி ஒன்றைத் தொடங்க இடம் இருக்காது. நேர அட்டவணை மோதுகிறதா என்று பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இன்னொரு அபாயமும் உண்டு: பதினெட்டு கிரெடிட்டும் ஒரே கூடை. சாதாரணப் பாடம் ஒன்றில் சொதப்பினால் மூன்று கிரெடிட்தான் போகும். இங்கே அந்த ஆண்டின் சராசரியே சரியும்.

பலனும் அதே அளவுக்குப் பெரியது. மாணவரின் எழுத்தை ஆண்டு முழுக்கப் படித்த ஒரு பேராசிரியர் இருப்பதால், பரிந்துரைக் கடிதம் கேட்கும் நேரத்தில் அவரிடம் எழுத விஷயம் இருக்கும். கலைப்பிரிவுக்குக் கட்டாயமான எழுத்துப் பயிற்சித் தேவையும் இதிலேயே நிறைவேறிவிடுகிறது. கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது ஒத்துவராது என்பது பொதுவான எண்ணம்; எங்கள் கணிப்பு நேர்மாறு. முந்நூறு பேர் அரங்கில் வாய் திறக்காதவர், நான்கு பேர் மேசையில் மூன்றாம் வாரத்திலேயே பேசிவிடுவார். படிப்பதே பாரமாகத் தெரிபவருக்குத்தான் இது வேண்டாம்.

கனடாவின் கிழக்குக் கரையில், ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள கிங்ஸ் கல்லூரியின் ‘ஃபவுண்டேஷன் இயர்’ (1972) இதே குடும்பம்தான். ஆனால் முதலாண்டில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும், வேறு பாடங்களுக்கு இடம் இன்னும் குறைவு. எதைத் தேர்ந்தாலும் அந்த ஆண்டின் நூற்பட்டியலைப் பார்த்து, கோடையிலேயே இரண்டு நூல்களைப் படிக்கத் தொடங்குங்கள். தடிமனானவற்றை முதலில்.