புது கிரைண்டர் வாங்கியாச்சு, கண்ணாடி வாங்கினீர்களா?

தீபாவளி நெருங்கினாலே மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் துணிக்கடைக்கு இணையாக ஹார்ட்வேர் கடையிலும் கூட்டம் நிற்கும். கேட்டில் துருவைச் சுரண்டிச் சாயம் அடிக்க வேண்டும், போர்ச்சுக்கு ஷீட் போட வேண்டும், கோழிக்கூண்டைச் சரிபார்க்க வேண்டும். தோட்டத்து லயன் வீட்டில் இருந்த காலத்தில் கதவு உடைந்தால் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். தாமான் குடியிருப்பில் சொந்த வீடு வந்ததும் அவரவர் கார் போர்ச்சே பட்டறையாகிவிட்டது. டிரில், டிஸ்க் சுழன்று இரும்பை வெட்டும், தேய்க்கும் கை கிரைண்டர், புல் வெட்டும் மிஷின் எல்லாம் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆசையாக வாங்குகிறார்கள், வாங்கட்டும். கைவேலை தெரிந்தவருக்கு நல்ல சாமான் கைக்கு வருவது தனி சந்தோஷம்தான்.

நான் மருத்துவ உதவியாளர். தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் டிரெசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு, மகனோ மருமகனோ கைப்பிடித்து வர, ஆட்கள் வருவார்கள். "புது மிஷின் டிரெசர், சும்மா அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன்." அந்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீடுகளில் அதிகம் இருப்பது 4 அங்குல கிரைண்டர். சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 11,000 முதல் 12,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் 100 மில்லிமீட்டர் டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் போகக் கூடாது என்பவர்கள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இதைப் பிடித்திருக்கிறோம். டிஸ்க் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பெட்டியில் காவல் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் நம்மவர்கள் முதலில் ஒதுக்கி வைப்பதும் அதைத்தான். காயத்துக்கு மருந்து வைத்துக்கொண்டே ஒருவரிடம் கேட்டேன், "அண்ணே, கவர் எங்கே?" "பெட்டியிலேயே இருக்கு டிரெசர், பத்திரமா இருக்கு!"

வெட்டும் இடம் தெரியவில்லை என்று அதைக் கழற்றுவதாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதி, தகடு போனால் பெரிய டிஸ்க் மாட்டலாம். இது மிக ஆபத்தான சிக்கனம். 4 அங்குல டிஸ்கில் பொதுவாக 15,300 சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். 7 அங்குல டிஸ்கில் 8,500 என்றுதான் இருக்கும். தேய்ந்த 7 அங்குல டிஸ்கை வீணாக்க மனமில்லாமல், நடுத்துளையில் வாஷர் கொடுத்து, 11,000 சுற்று ஓடும் சின்ன மிஷினில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்து சின்னதானாலும் அது புது 4 அங்குல டிஸ்க் ஆகிவிடாது. டிஸ்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தையும் பாருங்கள். பல டிஸ்குகளில் காலாவதி மாதமும் ஆண்டும் அங்கே பொறித்திருக்கும். பிசினில் ஒட்டிய டிஸ்க் ஈரம் குடித்தால் வலு குறையும். நம் ஊர் மழைக்குப் போர்ச் மூலையில் தரையில் கிடந்த டிஸ்கை எடுத்து மாட்டவே வேண்டாம்.

மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது இன்னொரு கூத்து. மரத்தில் பல் சிக்கினால் மிஷின் கையை உதறிக்கொண்டு திரும்பும். சுவிட்சைப் பூட்டி வைத்திருந்தால் கையை விட்டுப் போன பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். தொடை, மணிக்கட்டு, விரல் என்று வருகிற காயங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மரத்துக்கு மர ரம்பம் வாங்குங்கள். கைலியும் சிலிப்பருமாக மிஷின் பிடிக்காதீர்கள். தொளதொள பருத்திக் கையுறையும் டிரில்லுக்கு ஆகாது, நூல் சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. ஆன்லைனில் வரும் சில மிஷின்களில் இரண்டு முள் பிளக் இருக்கும். நம் சாக்கெட்டின் மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி அதை உள்ளே தள்ளுவது இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்த வித்தை. தயவுசெய்து நம் நாட்டுத் தரச்சான்றான சிரிம் லேபிள் உள்ள மூன்று முள் பிளக்கை மாற்றிப் போடுங்கள். கையில் பிடித்து வேலை செய்யும் மிஷின்களுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி., வேண்டும் என்று 1994 மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. பழைய வீடுகளில் பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர்தான் இருக்கும். வயர்மேனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கண்ணுக்கு வருவோம். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். பாதுகாப்புக் கண்ணாடியின் பிரேமில் 'இசட் 87+' (Z87+) என்ற முத்திரை இருந்தால் வேகமாக வந்து மோதுவதைத் தாங்கும் வகை என்று அர்த்தம். கேட்டில் துரு எடுக்கக் கம்பி பிரஷ் மாட்டும்போது கண்ணாடியின் மேல் முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டும் போடுங்கள், அதிலிருந்து முறியும் கம்பிகள் ஊசியாகப் பறக்கும். கண்ணாடி போட்டும் கண்ணில் தூசியோடு வருகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி, அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பார்கள். புருவத்திலும் முடியிலும் உட்கார்ந்திருந்த துகள் அப்போதுதான் கண்ணில் விழுகிறது. முதலில் தலையை உதறி, கை முகம் கழுவி, அப்புறம் கழற்றுங்கள்.

விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். பாட்டி சொன்ன தாய்ப்பால், விளக்கெண்ணெய், கைக்குட்டை முனை எதுவும் வேண்டாம். இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டினால் ஒரு நாளுக்குள்ளேயே அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்க ஆரம்பிக்கும். தாமதிக்கத் தாமதிக்கத் துருவைச் சுரண்டி எடுக்கும் வேலையும் கூடும், வடு பார்வைக்கு நேராக விழுந்தால் மங்கல் நிரந்தரம். சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தால் காயம் பச்சையாக மின்னும். கருவிழியில் செங்குத்தாகக் கீறல் கீறலாகத் தெரிந்தால் மேல் இமையை மடித்துப் பார்ப்போம். துகள் அங்கே ஒளிந்துகொண்டு, இமைக்கும்போதெல்லாம் கீறியிருக்கும்.

மரத்துப்போகும் சொட்டு விட்ட மறு நிமிடமே வலி போய்விடும். "ஐயா, இந்த மருந்தையே ஒரு பாட்டில் கொடுங்க" என்று கேட்காதவர் குறைவு. கொடுக்க மாட்டோம். வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழிப் புண் ஆறாது, வலியும் தெரியாததால் மோசமாவதே தெரியாது.

எனக்கு அதிகப் பயம் தருவது வலியே இல்லாத கண். உளியின் தலை அடி வாங்கி வாங்கிக் குடைபோல விரிந்திருக்கும். அதைச் சுத்தியலால் அடிக்கும்போது விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறிக்கும். அது கருவிழியைத் துளைத்து உள்ளேயே போய்விடும். துளை அவ்வளவு சின்னது, தானே மூடிக்கொள்ளும். கொஞ்சம் சுருக்கென்றது, பார்வை தெரிகிறது என்று ஆள் தூங்கப் போய்விடுவார். உள்ளே தங்கிய இரும்பு விழித்திரையை மெல்ல மெல்லக் கெடுக்கும், கிருமியும் சேர்ந்துகொண்டால் ஓரிரு நாளிலேயே கண் போகலாம். ஆகவே விரிந்த உளித் தலையை முதலில் அரைத்துச் சமப்படுத்துங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

இரும்பை இரும்பால் அடித்தபோது கண்ணில் ஏதோ பட்டது என்றால் கழுவ வேண்டாம், அழுத்த வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம். காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணில் படாமல் மேலே வைத்து ஒட்டிக்கொண்டு, வேறொருவரை ஓட்டச் சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் பார்த்தாலும் அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குத்தான் அனுப்புவோம். வழியில் எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது, அன்றே ஆபரேஷன் தேவைப்படலாம். கவுன்டரில் "கண்ணில் தூசி" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "சுத்தியலால் இரும்பை அடித்தேன், சில்லு பட்டது" என்று சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயும் இதையே சொல்லுங்கள், அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை நகர்த்திவிடும்.